தெரியாமல் எண்ணுவது

"எல்லாம் நார்மலா இருக்குங்கய்யா" என்றாள் நர்ஸ் ரெஜினா, அவர் ஒன்றுமே கேட்காதபோது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைச் சென்னியப்பன் என்றைக்கும் நம்பியதில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் சுவரோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனைவி துளசிமணியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணும்போது அந்தப் பெண்ணின் கீழுதடு லேசாக அசையும், எண்ணி முடித்ததும் நின்றுவிடும். இன்றைக்கும் நின்றது. அதற்கப்புறமும் விரலை எடுக்காமல், தன் கடிகாரத்தைப் பார்த்தாள், துளசிமணியின் நெஞ்சுமேல் கிடந்த போர்வையைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். போர்வையில் என்ன இருக்கிறது பார்க்க? பச்சைக் கோடு போட்ட ஆஸ்பத்திரிப் போர்வை, ஓரத்தில் வெளுக்காத மஞ்சள் கறை, அவ்வளவுதான். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்களை வழிமறித்து ஏறி டிக்கெட் பரிசோதித்த கண் அவருடையது. டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்ப்பான், ஏதோ அவனே நாற்று நட்ட வயல்போல. டிக்கெட் வைத்திருக்கிறவன்தான் பதறிப்போய்ச் சட்டைப் பையையும் மணிபர்ஸையும் கிளறுவான். பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்க்கிற கண், பதறாத முகம், கேட்காமலே வந்து விழுகிற நல்ல வார்த்தை. மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்திருந்தால் அந்த ஆளைச் செக்கிங் இன்ஸ்பெக்டர் சென்னியப்பன் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இங்கே யாரை எங்கே இறக்குவது? அவள் டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நார்மலாம். நார்மல் என்பது யாருக்கு நார்மல்? இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவருக்கு வார்த்தைகளின்மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. வைட்டல்ஸ் பார்த்தாச்சா என்று ஒருத்தி கேட்பாள், வைட்டல்ஸ் ஸ்டேபிள் என்று இன்னொருத்தி சொல்வாள், இரண்டு பேரும் போய்விடுவார்கள். ஸ்டேபிள் என்றால் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம், சரி, எப்படியே இருக்கிறது? பள்ளத்தில் கவிழ்ந்த பஸ்ஸும்தான் அப்படியே இருக்கும். நேற்று டாக்டர் வந்து, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ஏஃபெப்ரைல் என்று சொன்னபோது அவர் பயந்துவிட்டார், நிமோனியா போதாதென்று இது வேறு ஒட்டிக்கொண்டதா என்று. பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டால், காய்ச்சல் இல்லை என்பதற்குத்தான் அந்தப் பேராம். இல்லாத காய்ச்சலுக்கு எதற்கு ஐயா பேர்? ரத்த அழுத்தத்துக்கு இரண்டு எண், சிஸ்டாலிக், டயஸ்டாலிக், மேலே ஒன்று கீழே ஒன்று. இவரிடம் சொல்லும்போது மட்டும் மேல் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். கீழ் எண்ணை ஏன் முழுங்க வேண்டும்? நாடி கொஞ்சம் டாக்கி என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அவர் திரும்பினால் பேச்சு நின்றுவிடும். டாக்கி என்றால் வேகம் என்று அதையும் அவர்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்றைத்தான் ஓரளவு நம்பினார், அதில் சிவப்பாக எண் தெரிகிறது, யாரும் மறைக்க முடியாது. சாச்சுரேஷன் தொண்ணூற்று நாலு. ஆனால் அதிலும் ஒரு தரம் தொண்ணூறு காட்டிவிட்டு, ரெஜினா விரலைத் தேய்த்து மறுபடி மாட்டியதும் தொண்ணூற்று நாலுக்கு ஏறியது. தேய்த்தால் ஏறுகிற எண் என்ன எண்?

"ஏனுங்க, செவுத்தோட செவுரா நின்னுட்டே இருந்தா ஆச்சா? போய் ஒரு வாய் சாப்புட்டு வாங்க" என்றாள் துளசிமணி. குரல் கம்மிப்போயிருந்தது. பசியில்லை என்றார். அவள் முகத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். இரண்டு கட்டில் போட்ட அறை அது. அந்தக் கட்டிலில் கிடந்த சென்னிமலைக்காரம்மாளை நேற்று சாயங்காலம் ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள், காலையில் விரிப்பை உருவிவிட்டு வேறு விரிப்புப் போட்டார்கள், அந்தம்மாள் வைத்திருந்த எலுமிச்சம்பழம் மட்டும் ஜன்னல் கட்டையில் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்டால் ஸ்டேபிள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். "என்னைய அங்க அனுப்பீறாதீங்க" என்று துளசிமணி ராத்திரியே சொல்லிவிட்டாள். "உள்ள உங்களையும் உடமாட்டாங்க. தனியாக் கெடந்து சாகோணும்." சும்மா இரு புள்ள என்று அதட்டினார். அதட்டத்தான் தெரியும் அவருக்கு. சாயங்காலம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தால் நாளைக்கு வீட்டுக்கு விடலாம், இல்லாவிட்டால் ஐசியுவில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒழுங்கு என்பதை அளப்பது அந்த நாகர்கோவில் பெண் ரெஜினா, அவளோ போர்வையைப் பார்க்கிறாள். எதையோ மறைக்கிறார்கள். நுரையீரலில் கட்டியிருப்பது வெறும் சளி இல்லையோ? துளசிமணியின் அக்காவும் இருமி இருமித்தான் போனாள், கடைசி வரைக்கும் அவளிடம் சளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், சொன்னவர்களில் சென்னியப்பனும் ஒருவர், எவ்வளவு நன்றாகச் சொன்னோம், முகம் கொஞ்சம்கூட மாறாமல்! ஜாடியில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அடுத்த தடவை ரெஜினா வந்தபோதும் அதே கதைதான். தெர்மாமீட்டர், பிபி பட்டை, கிளிப், நாடி. உதடு நின்ற பிறகும் விரல் எடுபடவில்லை, கண் போர்வையில். இந்த முறை அவர் விடவில்லை, வராந்தாவில் மடக்கிவிட்டார். "நில்லம்மிணி. நாடி எண்ணி முடிச்சதுக்கப்புறம் எதுக்குக் கையப் புடிச்சுட்டே நிக்கற? எதைய மறைக்கறீங்க எங்கிட்ட? எதுவா இருந்தாலும் சொல்லிப்போடு, நான் தாங்கிக்குவன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிஜமாகத்தான் இருந்தது, அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. "ஐயா, நாடி முடிஞ்சப்புறம் நான் எண்றது மூச்சு. நெஞ்சு ஏறி இறங்கறதைப் பார்த்து எண்ணுவோம். மூச்சை எண்ணப்போறேன்னு சொன்னா யாருக்குமே மூச்சு மாறிடும், அவங்களை அறியாமலே இழுத்து விட ஆரம்பிச்சிருவாங்க. அதனால நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணணும். படிக்கும்போதே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டம்மாவுக்கு இப்ப மூச்சுதான்யா முக்கியம். மத்ததெல்லாம் பிந்திதான் காட்டும், மூச்சு முந்திக் காட்டிடும். நிமிஷத்துக்கு இருபதையொட்டி இருந்தா நல்லது. இப்ப அதுக்கு மேலதான் ஓடுது. முப்பதைத் தாண்டினா நாங்க சும்மா இருக்க மாட்டோம். அவங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க, சரியா?" சரி சரி என்று தலையை ஆட்டினார். அவள் போன பிறகு வராந்தாவில் நின்று தனக்குள் சிரித்துக்கொண்டார். அப்படியா சங்கதி. நாடி என்று சொல்லி மூச்சு. சாதாரண ஆளாக இருந்தால் பிடித்திருப்பானா? நம்மிடமா நடக்கும்?

ரகசியம் கிடைத்த மனுஷனால் அதை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்? அதுவும் சென்னியப்பனால்? கல்யாணமான நாள் முதலாக அவர் துளசிமணியிடம் பேசிய பேச்சு இந்த ஒரு வகைதான். டூட்டி முடிந்து வந்து, கால் கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் இன்றைக்கு யாரைப் பிடித்தேன், எப்படிப் பிடித்தேன், அவன் மூஞ்சி எப்படிப் போயிற்று என்று சொல்வார். அவள் சாதம் போட்டுக்கொண்டே கேட்பாள், அடப்பாவமே என்பாள், சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வேறு கணவன்மார் பூ வாங்கி வருவார்கள் என்று கேள்வி. இவர் பிடிபட்டவர்களைக் கொண்டுவந்தார். அதனால் ரெஜினா தாழ்த்திச் சொன்ன குரல் காதில் இருக்கும்போதே, அதற்கு மேலதான் ஓடுது என்று அவள் சொன்னது எங்கேயோ பின்னால் நழுவிப்போக, ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டார். "கண்டுபுடிச்சுப்போட்டன் புள்ள. உன்ர கையப் புடிச்சுட்டு அவ எண்றது நாடியில்ல, மூச்சு. உனக்குத் தெரியாம எண்றாளாமா. கூடிப்போச்சுன்னா ஐசியுவாமா. எப்பிடி நம்ம தெறம?" துளசிமணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகி, அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு குலுங்கி, ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூச்சையா எண்றாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "ஒரு நிமிசம் முச்சூடுமா?" இருக்கும் என்றார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்லி முடித்த திருப்தி, கேன்டீனுக்குப் போய் இரண்டு இட்லிகூடச் சாப்பிட்டு வந்தார்.

சாயங்கால வெயில் எதிர்ச் சுவரில் ஏறியபோது ரெஜினா வந்தாள். தெர்மாமீட்டர், பட்டை, கிளிப். கிளிப்பில் தொண்ணூற்று மூன்று. ரெஜினாவின் புருவம் லேசாக நெளிந்தது. விரல் மணிக்கட்டுக்குப் போயிற்று. நாடி கூடுதலாத்தான் இருக்கு, காய்ச்சல் அடிச்ச உடம்புக்கு இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பிறகு உதடு நின்றது, கண் போர்வைக்குப் போயிற்று. போர்வை மெல்ல எழுந்தது, நின்றது, மெல்ல அடங்கியது, நின்றது. "பரவாயில்லையே, மத்தியானத்துக்கு இப்ப மூச்சு நல்லாயிருக்கே" என்று அவரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள், தங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்பதுபோல. அவருக்கும் சிரிக்க வந்தது. சிரிப்பதற்குள் துளசிமணியின் முகம் கண்ணில் பட்டது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் சுவர், அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பதறாத முகம். கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு துடித்தது. ரெஜினா டிரேயோடு கதவைத் தாண்டினாளோ இல்லையோ, போர்வை குபுக்கென்று எழுந்தது, விழுந்தது, எழுந்தது, மூக்கின் இரண்டு புறமும் விரிந்து விரிந்து சுருங்கியது. இவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு, "குளுருதுங்க" என்றாள்.

குளிருமா? குளிரும், சீக்காளிக்குக் குளிரத்தான் செய்யும். இவரே தப்பாக நினைக்கிறாரோ? எத்தனை தடவை தப்பாக நினைத்திருக்கிறார், தேங்காய் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோனதற்குக்கூட விசாரணை வைத்த மனுஷன்தானே. வீட்டுக்குள்ள வந்தாச்சு, டூட்டிய எறக்கி வைங்க என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். நர்ஸே நன்றாக இருக்கிறது என்கிறாள், படித்தவள், நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம், மூலையில் சாய்நாற்காலி, மிளகு ரசம், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் ஜன்னலைப் பார்த்தாளே. சும்மா பார்த்திருப்பாள். தொட்டிச் சுவரையா? மூச்சு முந்திக் காட்டிவிடும் என்றாள் ரெஜினா. அந்த ஒன்றையும் இவள் மூடிவிட்டால் எது காட்டும்? யார் மூடச் சொன்னது? யார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திறமை பேசினது? போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் ஐசியு. அனுப்பீறாதீங்க என்று சொன்னாளே, அவள் வாழ்நாளில் அவரிடம் வாய்விட்டுக் கேட்டதே நாலோ ஐந்தோதான். ஒருவேளை இவர் சந்தேகம் பொய்யாகி, ஒன்றுமில்லாத பெண்டாட்டியைத் தானே அங்கே தள்ளிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தால்? நிச்சயம் தெரிய வேண்டும். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணுகிறேன் என்று உட்கார்ந்தால் அவள் மறுபடி அடக்குவாள். அவளுக்குத் தெரியக் கூடாது. அவருக்கு வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

துளசிமணி திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னுங்க?" ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். கல்யாணத்தன்று கைகோர்வைச் சீருக்குப் பிடித்தது இந்தக் கையை, சீர் செய்து வைத்த அருமைக்காரர் சொன்னதால் பிடித்தது. அதற்கப்புறம் பிள்ளை பெற்றாள், வீடு கட்டினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், கையைப் பிடிக்க வேளை வரவே இல்லை. சொரசொரப்பாக, சூடாக, எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. ஏழு, எட்டு. "புதுசா என்னமோ கையெல்லாம் புடிக்கறீங்க" என்றாள். கூச்சத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது, இத்தனை வயசில், இந்த நிலைமையில். பன்னிரண்டு, பதிமூன்று. அவர் தன் இடது கைக் கடிகாரத்தை முழங்கால்மேல் சாய்த்து வைத்து ஓரக்கண்ணால் முள்ளைப் பார்த்தார். அவள் அவர் விரல்களைத் திருப்பி இறுக்கிக்கொண்டாள். இறுக்கிக்கொண்டதும் அவள் உடம்பில் இருந்த விறைப்பெல்லாம் போய்விட்டது, அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவிழ்ந்துவிட்டது, போர்வை பறந்தது. பத்தொன்பது, இருபது, முள் இன்னும் பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை. வேண்டாம், மெதுவாக விடு, மெதுவாக விடு புள்ள என்று மனசுக்குள் கெஞ்சினார், கெஞ்சிக்கொண்டே எண்ணினார். "எங்கம்மா ஊட்டுக்குப் போற பஸ்ஸுல ஒருக்கா இப்பிடிப் புடிப்பீங்கன்னு நெனச்சனுங்க" என்று மூச்சு வாங்க விட்டுவிட்டுச் சொன்னாள், "நீங்க கண்டக்டருகிட்டப் பேசப் போயிட்டீங்க." முப்பது. முள்ளுக்கு இன்னும் இடம் இருந்தது. முப்பத்தாறு, முப்பத்தேழு. அவர் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. கையை உதறிக்கொண்டா போனார், அதுகூட அவருக்கு நினைவில்லை. "அம்மிணி! ஓடியாம்மிணி! இவ மூச்ச அடக்கி ஏமாத்தறா! நாந்தான் சொல்லிப்போட்டன்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினார்.

ரெஜினா ஓடி வந்தாள். இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை, போர்வையை விலக்கி உள்ளங்கையை நேராக நெஞ்சில் வைத்து எண்ணினாள். சென்னியப்பனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், திட்டுவதற்கு அவளுக்கு நேரமில்லை. டாக்டர் வந்தார், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் ஏறியது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், உடனே எடுத்தாக வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் என்று என்னவோ சொன்னார், ஸ்ட்ரெச்சர் வந்தது. ரெஸ்ப்ரேட்டரி ரேட், டாக்கிப்னியா என்று தலைக்கு மேலே வார்த்தைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றையும் அவர் விசாரிக்கவில்லை. துளசிமணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தன்மேல் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐசியு கதவுக்கு முன்னால், உள்ளே இடம் சரிபண்ணும் வரைக்கும் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். இதற்கு மேல் அவருக்கு வழியில்லை. வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தார், வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது வேறு எதற்காகவும் இல்லை.

அவள் மறு கையால் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள். "இப்ப என்னத்த எண்றீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல புள்ள. சத்தியமா ஒண்ணும் எண்ணலை" என்றார். அவள் கண் அவர் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இடது கைக் கடிகாரத்துக்குப் போயிற்று. மாஸ்க்கை இறக்கிக்கொண்டாள். போர்வை மெல்ல எழுந்தது, நின்றது, கழுத்து நரம்பு புடைக்க, மெல்ல அடங்கியது. மறுபடி மெல்ல எழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, அவருக்காக அவள் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விட வேண்டும் என்பதற்காகச் சென்னியப்பன் கையை விட்டார்.